சந்தனம் வைத்த பிளாப்பி

நல்லம்பள்ளியில் புஷ்பமேரியை வாயில்லாப் பூச்சி என்பார்கள். அந்த வாயால், இல்லை, அந்த வாய் திறக்காததால், ஒரு முறை அவள் வேலையே போகப் பார்த்தது.

காளியப்பனின் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் அவள். எண்பத்தேழில் முதலாளி பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். தொட்டால் கடித்துவிடும் என்பது போல மற்றவர்கள் எட்டி நின்றார்கள். மேரி உட்கார்ந்தாள். ஒரே வருடத்தில் எடை, பில், சம்பளம் எல்லாம் அவள் கைக்கு வந்தன. அந்த நாற்காலி இல்லையென்றால் அக்காக்களோடு கேழ்வரகுக் காட்டில் களை பறிக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

தினமும் காலையில் அந்த மெஷின் கண் விழிக்க, அதை விற்ற கம்பெனி கொடுத்த பிளாப்பியைச் செருக வேண்டும். இருந்தது அது ஒன்றுதான். நகல் எடுக்க முடியாதபடி கம்பெனிக்காரர்கள் பூட்டு போட்டிருந்தார்கள்.

எண்பத்தெட்டு ஆயுத பூஜை. காளியப்பன் சந்தனக் கிண்ணத்தோடு பாய்லர், தராசு, லாரி என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டருக்கு வைத்தார். பக்கத்தில் கிடந்த பிளாப்பிக்கும் வைத்தார். உறையின் திறப்பில் உள்ளே இருக்கும் கறுப்புத் தகடு தெரியுமே, சரியாக அந்த இடத்தில், தாராளமாக. மேரிக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. கிறிஸ்தவப் பெண் அவள்; வேதக்காரி பொட்டு வேண்டாமென்கிறாள் என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று விழுங்கிவிட்டாள். பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து முந்தானையால் துடைத்தாள். துடைத்ததில் சந்தனம் இன்னும் உள்ளே போனது.

மறுபடி வேலை தொடங்கிய அன்று மெஷின் எழுந்திருக்கவில்லை. கம்பெனியோ, பிளாப்பியைப் புதிதாகப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும் என்றது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று காளியப்பன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஓடலீன்னா வித்துடறேன். நீயும் வேற எடம் பாத்துக்கம்மா" என்றார்.

கல்லறைத் திருநாளுக்குப் பெங்களூரிலிருந்து சித்தப்பா மகன் அல்போன்ஸ் வந்திருந்தான். இன்ஜினியரிங் படிக்கிறவன். யாரிடமும் சொல்லாத சந்தன விஷயத்தை அவனிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை ஓட்ட அவர்கள் கல்லூரி வாத்தியார் ஒருவர் மாணவர்களுக்காக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார், பூட்டு கிடையாது, உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றான். பில் போடுவதற்கான புரோகிராமை மட்டும் அவளேதான் எழுதிக்கொள்ள வேண்டும். பெங்களூர் திரும்பியவன் பிளாப்பிகளையும், அந்தப் புரோகிராமை அச்சடித்த ஒரு கட்டுக் காகிதத்தையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

லேசில் வசப்படவில்லை. பழையது இதைச் செய், அதைச் செய் என்று வழி காட்டும். இது வெறும் திரையோடு, நீ சொல் என்று காத்திருக்கும். ஒரு நாள் தப்பாக ஏதோ தட்டி, ஒரு வாரமாக அவள் ஏற்றிய எடைக் கணக்கெல்லாம் அழிந்தே போயிற்று. அழுதாள். பிறகு காகிதக் கட்டைப் பிரித்து, எங்கே தப்பு என்று தேடினாள். தேட முடிந்தது என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

போகிக்கு முன்னால் பிரிண்டர் கிரீச்சிட்டு முதல் பில்லைத் துப்பியது. காளியப்பன் அதை மனக்கணக்காய் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். வேற எடம் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணமும் வந்தது. முதலாளியின் விரல் பிளாப்பியை நோக்கி நீண்டது.

"மொதலாளி, அதுக்கு வேணாங்க" என்றாள் மேரி.

அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் மேஜைக்குள்ளிருந்து இன்னொரு பிளாப்பியை எடுத்து நீட்டினாள்.

"பூசைக்குன்னே ஒரு நகல் போட்டு வச்சிருக்கறேங்க. இதுக்கு வைங்க. கெட்டாலும் வேற போட்டுக்கலாம்."

காளியப்பன் தன் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"அப்போ போன வருசம்..."

"ஆமாங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வேதக்காரி பொட்டு வேணாங்கறான்னு நெனப்பீங்களோன்னு பயந்துட்டேங்க."

அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"நீயே வெய்யி. எங்க வெச்சா கெடாதுன்னு உனக்குத்தான தெரியும்."

புஷ்பமேரி உறையின் மூலையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.