கரி பூசிய கூடை

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. அடுப்படிக்குப் போய் நின்று, எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறவள் நான். முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம். அதனால்தான் காகிதத்தில் சொல்கிறேன்.

கடலூரில் என் மகள் வீட்டுப் பரணில் ஒரு பிரம்புக் கூடை கவிழ்ந்து கிடக்கிறது. வெளிப்பக்கம் முழுவதும் கரி பூசியது. தொட்டால் இன்னும் கையில் ஒட்டும். வீடு பெருக்க வருகிற பெண் மாதம் ஒரு தடவை அதைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்பாள், நானும் மாதம் ஒரு தடவை வேண்டாம் என்பேன். அது என் ஓரகத்தியால் வந்த கூடை. ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா கடலூர்த் துறைமுகத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகக் கொடிமரத்தில் வேலை. புயல் வருகிறது என்று தந்தி வந்தால் கறுப்புக் கூண்டைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றுவது அவர்தான். அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகிறவர்கள் போவதும் நிற்பதும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளை, சிதம்பரத்துக்குக் கிழக்கே நாலு மைல் தள்ளி, நெல்லைத் தவிர வேறொன்றும் தெரியாத எங்கள் ஊரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். வந்த முதல் ஐப்பசியிலேயே பழைய கூடை ஒன்றை எடுத்து, அடுப்புக் கரியை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, மூங்கிலில் கட்டிக் கொல்லையில் நட்டுவிட்டாளாம். வானத்தின் நிறம் சரியில்லை என்றாளாம். வயலிலிருந்து வந்த மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏம்மா பெரியவளே, நம்ம வூட்டுக் கொல்லைக்குக் கப்பல் எதனா வருதா?” என்று கேட்டாராம். அன்று ஊரெல்லாம் சிரித்தது. அதற்குப் பிறகு யார் வீட்டில் கறுப்புத் துணி காய்ந்தாலும், “இன்னாடி, நீயும் கூண்டு ஏத்திட்டியா?” என்று கேலி செய்வார்கள். மறு வருஷமும் ஏற்றினாள். அந்த வருஷமும் தூறலோடு போய்விட்டது. மாமனார் கூடையை இறக்கச் சொல்லி, மூங்கிலை அவரைப் பந்தலுக்குக் காலாக நட்டுவிட்டார். அதோடு அக்கா கூடையைத் தொடவில்லை. எனக்குக் கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்தபோது கூடை கரியோடு மாட்டுக் கொட்டாயில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் மாமியார்தான் சிரிப்பு அடங்காமல் எனக்குச் சொன்னார்.

கூடையை விட்டாளே தவிர மற்ற வேலைகளை அக்கா விடவில்லை. ஐப்பசி பிறந்தால் அவலும் வெல்லமும் தகர டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விடுவாள். அது உலகச் சண்டைக் காலம். தீப்பெட்டி கிடைப்பதே அரிது. ஒன்றிரண்டை எண்ணெய்த் துணியில் சுற்றி அதே டப்பாவில் வைப்பாள். நாலு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் மூடிக் கிடக்கும். ராத்திரி மாடு கட்டுவதற்கு மட்டும் அவளே போவாள். இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டுவிட்டு வருவாள். கேட்டால், “அதுங்களுக்குக் கை இல்லையே” என்பாள். மாமியார் என்னிடம் மெதுவாக, “கடக்கரைப் பொண்ணு, பயம் ஜாஸ்தி” என்பார். நானும் சிரித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையை எழுதி என்ன பிரயோசனம்.

எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப் பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பதினாறு நாள் தீட்டு. அதுவரை பெரிய வீட்டுக்குள் வரக் கூடாது. வீட்டுக்குத் தெற்கே, சுவரை ஒட்டினாற்போல் ஒரு கீற்றுக் கொட்டாய் போட்டு, அதில்தான் என்னையும் குழந்தையையும் வைத்திருந்தார்கள். சோறு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். இது கொடுமை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெரிய வீடு ஓட்டு வீடு. அதில் ஒரே ஒரு அறைக்குத்தான் மேலே கெட்டியான மட்டத்தளம். விதைநெல்லும், குலசாமி விளக்கும் அந்த அறையில். தலைமுடி நனைந்திருந்தால்கூடப் பெண்கள் அந்தப் படியைத் தாண்ட மாட்டோம்.

குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். என் கணவரும் மூத்தவரும் முதல் நாளே வண்டி கட்டிக்கொண்டு சிதம்பரம் போயிருந்தார்கள். விடியும்போது வானம் தேய்க்காத செம்புத் தவலையைப் போல் இருந்தது. எங்கள் கொல்லையில் நின்றால் பனைமரங்களுக்கு நடுவே கோயில் கோபுரம் இரண்டு தெரியும். அன்று ஒன்றுகூடத் தெரியவில்லை. வடக்கேயிருந்து காற்று விட்டு விட்டு அடித்தது, யாரோ மூச்சு வாங்குவதுபோல. அப்புறம் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. பெரிய வீடு வடக்கே மறைத்துக்கொண்டிருந்ததால் என் கொட்டாய்க்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. ஆனால் சத்தம் தாங்கவில்லை. நான் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அக்கா நனைந்துகொண்டே உள்ளே வந்தாள். முதலில் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். குழந்தையை எடுத்துத் தன் புடவைக்குள் சுற்றிக்கொண்டு, “எழுந்திரு” என்றாள்.

“தீட்டுக்கா” என்றேன் நான்.

“தீட்டு பதினாறு நாள்ல போயிடும். வா.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நேரே அந்த விதைநெல் அறைக்குள் உட்கார வைத்தாள். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். “சாமி வெளக்கு இருக்குதுடி” என்று மட்டும் சொன்னார். விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். வெளியே ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்கிற சத்தம் கேட்டதும் அவரும் மாமனாரும் அதே அறைக்குள்தான் வந்தார்கள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். என் நிழல்கூட நெல்லின்மேல் விழக் கூடாது என்று அந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உச்சிப் பொழுதுக்குக் காற்று நின்றது. குறையவில்லை, ஒரேயடியாக நின்றது. குருவி கத்துவது கேட்டது. லேசாக வெயில்கூட வந்தது. தெருவில் ஆட்கள் வெளியே வந்து ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். மாமனார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் பாதி ஓடு இல்லை, ஆனால் கொட்டாய் அப்படியே நிற்கிறது என்றார். மாமியார் மேலே பார்த்துக் கும்பிட்டார். பிறகு அக்காவிடம், “போதும்மா. சாமி காப்பாத்திட்டாரு. புள்ளயையும் சின்னவளையும் கொட்டாயிலயே கொண்டுபோயி வுடு. எடத்த கழுவணும்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயம், விதைநெல்லுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. நான் எழுந்துவிட்டேன். சொன்னால் செய்துதான் எனக்குப் பழக்கம்.

அக்கா அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள்.

“அத்தை, இது நின்னது இல்ல. காத்து திரும்பும். இவ்வளவு நேரம் வடக்கேருந்து அடிச்சுது, இனிமே தெக்கேருந்து அடிக்கும். வூடு மறைக்காது. அந்தக் கொட்டாய் ஒரு நிமிஷம் நிக்காது.”

“யாருடி சொன்னா?”

“எங்கப்பா.”

“ரெண்டு தடவ கூடைய ஏத்துனியே, அதுவும் ஒங்கப்பா சொல்லித்தானே?”

மாமனார் இருமினார், சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. “சரி அத்தை. காத்து திரும்பலன்னா நாளைக்கே எங்கப்பா வூட்டுக்குப் போயிடறேன். ஒங்க புள்ளைக்கு வேற பாத்துக்குங்க. இப்ப இவங்க ரெண்டு பேரும் இந்த எடத்த வுட்டு நகரக் கூடாது” என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை. மூத்தவருக்கு இரண்டாவதாகப் பார்க்கலாம் என்று உறவில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரியும். அப்படி இருக்கிறவள் அந்த வார்த்தையைத் தானே வாயால் சொன்னாள். என் குழந்தை அவள் மடியில் தும்மியது. மாமனார் எழுந்தார். அறையின் தெற்குப் பக்கத்துக் கதவைச் சாத்தி, உலக்கையைக் குறுக்கே கொடுத்து, ஒரு மூட்டை நெல்லை நகர்த்தி முட்டுக் கொடுத்தார்.

ஒரு சோறு வேகிற நேரம் இருக்கும். தெற்கேயிருந்து வந்தது. அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கதவு உலக்கையோடு சேர்ந்து உள்ளே வளைந்தது. மாமனாரும் அக்காவும் மூட்டைமேல் சாய்ந்து தாங்கிக்கொண்டார்கள். குழந்தையை யாராவது வாங்க வேண்டும், நானோ மறுபடியும் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் விளக்கை நெல்லின்மேல் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் அவர் அந்தப் பிடியை விடவில்லை.

வெளியே வந்தபோது கொட்டாய் இருந்த இடத்தில் நாலு குழிகள் இருந்தன. அவ்வளவுதான். நான் படுத்திருந்த பாய் பக்கத்துக் கொல்லைக் கிணற்றில் கிடந்தது. பனைமரங்கள் எல்லாம் போய், கோபுரம் நான்கும் பளிச்சென்று தெரிந்தன. மேற்குத் தெருவில் காற்று நின்றதென்று வெளியே வந்து தேங்காய் பொறுக்கியவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. கட்டிக் கிடந்த மாடுகள் எத்தனையோ செத்தன. எங்கள் மாடுகள் மூன்றாம் நாள் தாமாகவே திரும்பி வந்தன. அந்த மூன்று நாளும் ஆண்கள் வந்து சேருகிறவரைக்கும் அக்காவின் டப்பாவிலிருந்த அவலைத்தான் தின்றோம், நாங்களும் பக்கத்து வீட்டார் ஏழு பேரும். கேலி செய்தவர்கள் வீட்டுக்கெல்லாம் எங்கள் அடுப்பிலிருந்துதான் நெருப்பு போனது. மாமியார் அவலைப் பிசைந்து முதல் உருண்டையை அக்கா கையில் வைத்தார். இரண்டாவது பெண் பார்க்கிற பேச்சு அதன்பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. விதைநெல் அடுத்த பட்டத்தில் நன்றாகவே முளைத்தது.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் மாமனார் நீளமாக ஒரு மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூடை காற்றோடு போய்விட்டதால் சந்தையில் புதிதாக ஒன்றும் வாங்கி வந்திருந்தார். கொல்லையில் போட்டுவிட்டு, “பெரியவளே, இது ஒசரம் பத்துமா பாரு” என்றார். கரியைக் குழைத்தது அக்கா, கயிறு பிடித்தது மாமனார்.

பல வருஷங்கள் கழித்து, இரண்டு பேரும் புளி உடைத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், காற்று திரும்பும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னாய் என்று. அக்கா கொட்டையைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: “உறுதியாவது ஒண்ணாவது. எங்கப்பா சொல்லி ஒரு தடவ கேட்டதுதான். எல்லாக் காத்தும் திரும்பாதுன்னும் அவரே சொல்லியிருக்காரு.”

“பின்ன எதுக்குக்கா அந்த வார்த்த சொன்ன?”

“திரும்பலன்னா நான் ஒருத்திதானே போவேன். திரும்பிச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்க.”

சொல்லிவிட்டு, புளியில் நார் இருக்கிறது பார் என்று என்னையே அதட்டினாள். நான் நன்றி என்று சொன்னதில்லை. எங்கள் நாளில் அதைச் சொல்கிற வழக்கம் இல்லை, எனக்குக் கூச்சம் வேறு. அவள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது.

அன்று அவள் புடவைக்குள் இருந்த குழந்தையின் வீட்டில்தான் இப்போது நான் இருக்கிறேன். மகளுக்கே தலை நரைத்துவிட்டது. துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு என்று டிவியில் சொல்கிறார்கள், பேரன் போனில் காற்று சுற்றுவதையே படமாகக் காட்டுகிறான். எல்லாம் நல்லதுதான். ஆனாலும் ஐப்பசி வந்தால் பரணிலிருந்து கூடையை இறக்கச் சொல்வேன். அதே கூடை இல்லை இது. பிரம்பு எத்தனை நாளைக்கு உழைக்கும். இது நான்காவதோ ஐந்தாவதோ. கரி மட்டும் வருஷா வருஷம் நானே பூசுகிறேன், மொட்டை மாடியில் ஏற்றிக் கட்டுவது மகள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அந்தப் புயல் சண்டை முடிவதற்கு முன்னா பின்னா, ஐப்பசிக் கடைசியா கார்த்திகையா என்பது எனக்குக் குழம்புகிறது. தீப்பெட்டி கிடைக்காததை வைத்துத்தான் சண்டைக் காலம் என்று எழுதினேன். துறைமுகத்துப் பழைய ஏடுகளைப் பார்க்க முடிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அப்படியே, அன்றைக்குக் கொடிமரத்தில் கூண்டு ஏறியிருந்ததா என்றும் பாருங்கள். “எங்கப்பா ஏத்தியிருப்பாரு இல்ல?” என்று அக்கா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.