செத்த பிறகு ஒரு சிரிப்பு

சினிமாவில் நான் பதினேழு முறை செத்திருக்கிறேன். புற்றுநோய், மாரடைப்பு, லாரி, வில்லனின் ஆள் வீசிய அரிவாள், மகன் வீட்டை விட்டு ஓடிப்போன துக்கம் என்று எல்லா வகையும் உண்டு. எனக்கு மகனாக நடித்தவர்களில் இரண்டு பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. தாய்மையின் மறுபெயர் என்று மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நின்றவள். கல்லூரி நாடகத்தில் என்னைப் பார்த்த யாரோ சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு படத்தில் கதாநாயகி. இரண்டும் ஒரு வாரம் தாண்டவில்லை. முப்பத்தொரு வயதில் தலையில் வெள்ளை அடித்து அம்மாவாக உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு என்னைக் கறுப்பு முடியோடு பார்க்க யாருக்கும் மனமில்லை. மகன் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுத ஒரு படத்துக்கு விருது கிடைத்தது. அந்த அழுகையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கல்யாண வீட்டில்கூட என்னிடம் வந்து, "மேடம், அந்த மாதிரி ஒருதரம் அழுது காட்டுங்களேன்" என்று கேட்டவர்கள் உண்டு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு சீன் எடுத்து முடித்ததும், பிணமாகப் படுத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். படத்தில் வராது. அந்த ஆளைக் கடைசியாகக் கேமரா பார்த்தது சிரித்த முகமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். சிரிக்காமல் எழுந்து போனால் சாவு பின்னாலேயே வீட்டுக்கு வரும் என்று ஒரு பயம். டைரக்டர் கட் சொன்ன கையோடு, "மேடம், ஒரு சிரிப்பு" என்பார். நெற்றியில் ஒட்டிய காசோடும் மூக்கில் வைத்த பஞ்சோடும் நான் பல்லைக் காட்டுவேன். எல்லாரும் கைதட்டுவார்கள்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல நேரம், கெட்ட நேரம் என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். அப்பேர்ப்பட்டவர் நான் செத்த நாளில் மட்டும் சாயங்காலம் போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்.

"சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

"சரி, வை."

அவ்வளவுதான். ஒரு தடவை சீன் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு ஓடியதில் என் சிரிப்பை மறந்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் மனிதர் ஸ்கூட்டரை எடுத்து, என்னை ஏற்றிக்கொண்டு, வண்டலூர் தாண்டி அந்த இடத்துக்கே போனார். கேமராமேன் முன்னால் மாணவன் மாதிரி தயங்கி நின்று கேட்டார். "இது பைபிள்ல எந்த அதிகாரத்துல வருதுங்க?" என்று காதோடு கேட்டேன். "பேசாம சிரி" என்றார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் டியூஷனில் இருக்கும் நேரத்தில் வரும் போன் அது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு கூத்து, பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு நான் அழுவதெல்லாம் இந்த ஒரு புத்திகெட்ட வேலைக்காகத்தான்.

போன வருஷம் அவர் போய்விட்டார். காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார், எழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வாசலில் நின்ற கூட்டம் அதற்காகவே காத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். தெருவில் எனக்குப் பழக்கமே இல்லாதவர்கள்கூடச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விருது வாங்கிய அழுகையை இலவசமாகப் பார்க்க வந்தவர்கள். அழுதால் எனக்கே சந்தேகம் வந்துவிடும், இது வீட்டு அழுகையா சினிமா அழுகையா என்று.

எங்கள் கிறிஸ்தவர்களில் சவப்பெட்டியை மூடுமுன் குடும்பத்தோடு ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். பெட்டியின் தலைமாட்டைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு எல்லாரும் சுற்றி நிற்போம். நான் தலைமாட்டில் நின்றேன். மகள் என் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். போட்டோ எடுக்க வந்தவர், "மேடம், கொஞ்சம் உள்ள வாங்க. அப்படியே இருங்க, ஆடாதீங்க" என்று நாலைந்து தடவை எடுத்தார். பிறகு கேமராவை இறக்காமலே, "ஓகே, முடிஞ்சுது" என்றார்.

நான் சிரித்தேன்.

பல் தெரிய, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தேன். முடிந்தது என்று ஒருவர் சொன்னால் செத்தவர் சிரிக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் என்னைச் சிரித்தாயா சிரித்தாயா என்று கேட்டவர் வாயை மூடிக்கொண்டு கிடந்தார். அவருக்குப் பதிலாக என் முகம் தானாகச் சிரித்துவிட்டது. மகள் தோளை விலக்கிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்புவதற்குள், யாரோ செல்போனில் பிடித்த அந்தச் சிரிப்பு ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கணவர் பிணத்தருகே பல்லைக் காட்டிய நடிகை என்று தலைப்பு வேறு. கழுவி ஊற்றினார்கள். சொத்து என்றான் ஒருவன், வேறு ஆள் என்றான் இன்னொருவன். படத்தில் அழுததுதான் நடிப்பு, இதுதான் ஒரிஜினல் என்று எழுதியவனுக்கு ஏகப்பட்ட கைதட்டல். சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அம்மாள் அடுத்த ஞாயிறு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். போகட்டும். வாய்க்கு வந்ததைப் பேசும் ஜனங்களுக்காக நான் ஒருவேளைச் சோற்றையும் விட்டதில்லை. மகள் கேட்டதுதான் தாங்கவில்லை.

"ஏம்மா சிரிச்ச?"

எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன், போனைச் சொன்னேன், ஸ்கூட்டரில் போனதைச் சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அப்பா இந்த மாதிரி சென்டிமென்ட் எல்லாம் பாக்கமாட்டாரும்மா. இல்லாத மனுஷர் மேல ஏன் போடற? அழுகை வரலன்னா வரலன்னு சொல்லு, நான் புரிஞ்சுக்கறேன். கதை சொல்லாத."

அடுத்த மாதமே ஆபீஸுக்குப் பக்கம் என்று கேளம்பாக்கத்தில் வீடு பார்த்துப் போய்விட்டாள். வாரம் ஒரு போன். மாத்திரை போட்டியா, கேஸ் வந்துச்சா என்று இரண்டு கேள்வி. என் பெண் என்னை நம்ப வேண்டும். எனக்கு இனி வேறு விருது எதுவும் வேண்டாம்.

ஒரு வருஷம் எந்தப் படமும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு சாவு சீனுக்குக் கூப்பிட்டார்கள். கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஷூட்டிங். கதைகூடக் கேட்காமல் சரி என்றேன். உடனே மகளைக் கூப்பிட்டேன்.

"நான் எதுவும் சொல்லப் போறதில்ல. ஒரே ஒருதரம் வந்து கடைசி வரைக்கும் நின்னு பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

அரை நாள் லீவு போட்டு வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு மானிட்டர் பக்கத்தில் நின்றாள். எனக்கு முதல் படத்தில்கூட இப்படிப் படபடத்ததில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் என் கையைப் பிடித்து உள்ளே படுக்க வைத்தார். "இன்னாம்மா, பயமா கீதா? ப்ளக்கெல்லாம் புடுங்கித்தான் கீது, குளுராது. தைரியமா படு" என்று மூடியைச் சாத்தினார்.

டைரக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஏதோ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவராம், இது முதல் படம். மரியாதையான பிள்ளை. இரண்டாவது டேக்கில் திருப்தியாகிவிட்டது.

"கட். சூப்பர் மேடம். லஞ்ச் பிரேக்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. இதோ கேட்பார் என்று காத்திருந்தேன். சிரிப்பைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். செருப்புச் சத்தங்கள் வெளியே போயின. விளக்கை அணைத்தார்கள். சாம்பார் வாசனை வந்தது. கேமராவுக்கு உறை போடும் ஜிப் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு இந்த வழக்கமே தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்து நானே கேட்டிருக்கலாம். நானே கேட்டு வாங்கினால் அதையும் நான் ஏற்பாடு செய்த நடிப்பு என்பாள். என் பெண்ணை எனக்குத் தெரியாதா?

மகள் வந்து மூடியைத் தூக்கினாள்.

"எழுந்திரும்மா. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

"இரு. இன்னும் கேக்கல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. நோயாளியைப் பார்க்கிற பார்வை அது.

"யாரும் கேக்கலம்மா. நானும் கடைசி வரைக்கும் நின்னுட்டேன்."

கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். மூக்கில் இருந்த பஞ்சை அவளே எடுத்தாள். இரண்டு மணிக்கு மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பினாள். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் வேலை. சாப்பிடாமல் கார் ஏறித் தாம்பரம் வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. அவர் கூப்பிடுகிற அதே நேரம். மகள்தான்.

"வீட்டுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

அவள் ஏதோ கேட்க வருவது போலிருந்தது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி, வை" என்றாள்.

அவள் அப்பாவின் அதே குரல், அதே வார்த்தை. அதற்கு முன்னால் அவர் கேட்பதை மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லம்மா, இன்னும் சிரிக்கல என்று சொல்லியிருப்பேன்.