ஜெனிபரின் கையெழுத்து

கும்மிடிப்பூண்டி ஜெனிபரைக் கம்பெனி பஸ்ஸில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்காருவாள், பக்கத்து சீட்டில் பையை வைத்துவிடுவாள். யாராவது கேட்டால் எடுப்பாள், மனசில்லாமல்தான் எடுப்பாள். அது மோனிகாவின் சீட்டு. மோனிகா செத்து இரண்டு வருஷமாகிறது.

இருவரும் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். போக வர ஒரே போன், ஆளுக்கொரு காதில் இயர்போன். பார்த்தது ஒரு ஜப்பான் அனிமே, கார்ட்டூன் தொடர். அரசனை எதிர்த்து ஒரு நகரமே எழுகிற கதை. அதில் இரண்டு தோழிகள். கலகக் கொடியைத் தைத்தவள் ஒருத்தி. நான்தான் தைத்தேன் என்று தூக்குமேடை ஏறுகிறவள் மற்றவள். மோனிகா மூக்கைச் சிந்தி அழுதாள். ஜெனிபர் சிரித்தாள்.

"இன்னாடி இது, சினேகிதிக்காக எவளாவது உசுர குடுப்பாளா?"

அந்த வாயைக் கழுவியிருக்க வேண்டும்.

அடுத்த மாசமே கம்பெனியில் அவசர வழிக் கதவைப் பூட்டி வைத்தார்கள். அதைத் திறக்கச் சொல்லி ஜெனிபர் பேர் போடாமல் ஒரு கடிதம் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டாள். எழுதியவள் யார் என்று விசாரணை வந்தது. கையெழுத்தை ஒத்துப் பார்க்க, வெள்ளிக்கிழமை லைனில் எல்லாரும் எழுதிக் காட்ட வேண்டுமாம். ஜெனிபரின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். வீட்டில் உலை கொதித்தது அவள் சம்பளத்தில்தான். மோனிகா மூன்று நாள் பஸ்ஸில் உட்கார்ந்து ஜெனிபரின் கையெழுத்தைப் பழகினாள், கொம்பு வளைக்கிற விதம் உட்பட. இதை மென்று விழுங்கிச் சொல்ல முடியாது. ஜெனிபர் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மோனிகா முதல் ஆளாகப் போய் எழுதிக் காட்டி, "நான்தான்" என்றாள். விசாரணை முடிந்தது, வேலையும் போனது. எட்டு மாசம் கழித்து, ஓர் இரும்பு ஆலையில் கான்ட்ராக்ட் கூலியாக நின்றவள் மேல் கிரேன் சங்கிலி அறுந்து சரக்கு விழுந்தது.

மோனிகாவின் அம்மா ஹெலன், ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஜெனிபரைச் சாப்பிடக் கூப்பிடுவார். அவளும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு போய் வந்தாள். ஆனால் கண்ணை மூடினால் அந்தத் தூக்குமேடை வரும். ஏறுகிறவளுக்கு மோனிகாவின் முகம் இருக்கும். போன ஞாயிறு, தட்டின் முன்னால் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, அந்த லெட்டர எழுதுனது நானு."

ஹெலன் மீன் குழம்பை ஊற்றினார்.

"தெரியும்மா. வேல போன அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டா. உன்ன ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா."

"அப்புறம் ஏன் ஆன்ட்டி வாரா வாரம் சோறு போட்டீங்க?"

"நீயா சொல்லுவேன்னுதான். சாப்ட்டுட்டு கெளம்பு. அடுத்த வாரத்துலேந்து வராத. உன்மேல கோவம் இல்ல. உன்ன பாத்துகினு இருக்க என்னால முடியல."

ஜெனிபர் அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ஹெலன் இரண்டு முறை கேட்டார்.