ரண்டர்ஸோடு இனி ஆட்டம் இல்லை

இன்று பிராண்டே மண்டபத்தில் இருந்தவர்கள்: தலைவர் யோகன். ரண்டர்ஸ் ஊர்ப் பக்கம் புஷ்பமும் அவள் மகன் ரவியும். எங்கள் ஊர் ஓகூஸ் பக்கம் என் பேத்தி நிலா, என் வீட்டுக்காரர் செல்வராசா, நான். ஒருவரையும் மறக்க மாட்டேன்.

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளின் கரப்பந்துப் போட்டியில் கோபன்ஹேகன் அணிகளையும் சேர்க்கப் போகிறார்களாம். அதற்காகப் பிரிவுகளை மாற்றினால், நிலாவின் ஓகூஸ் அணி இனி ரண்டர்ஸோடு ஆடாது.

போன வருடம் வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சாதித்து வென்றவர்கள் ரண்டர்ஸ்காரர். அந்தப் பந்து விழுந்த இடத்தை இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவேன். திருப்பி அடிக்காமல் விடுவதா?

மாற்றச் சொல்லும் அவர்கள் இரண்டு பேர், வேண்டாம் என்னும் நாங்கள் மூன்று பேர். வென்றாயிற்று என்றுதான் இருந்தேன்.

"மாத்துறதுக்குச் சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றான் யோகன்.

ரவி கையைத் தூக்கினான். புஷ்பமும் ஒரு கையைத் தூக்கினாள். மற்றக் கையில் தட்டு. "சூடான ரோல்ஸ், ஆருக்கு வேணும்?"

என் வீட்டுக்காரரின் கை கூரையைத் தொட்டது.

"மூண்டு கை. மாத்தியாச்சு."

"ஐயோ தம்பி, நான் ரோல்ஸுக்கெல்லோ தூக்கினனான்!"

"எண்ணி முடிஞ்சுது அண்ணை."

"பியுத், பரவாயில்லை அம்மம்மா, விடுங்கோ" என்று நிலா சிரிக்கிறாள். எப்படி விடுவது? நான் விடிய எழும்பிப் பொரித்த பற்றீஸ் என் வீட்டுக்காரர் மடியிலேயே இருந்தது.

நீங்களே சொல்லுங்கோ. புஷ்பத்தை என்றாவது ஒருநாள் மன்னிப்பேன், அவள் தன் ஊருக்காகத் தட்டை நீட்டினாள். மன்னிக்கவே மாட்டாத ஆள் செல்வராசா.