மச்சான் பிடித்த கயிறு

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் சங்குக்குளிப்புப் பயிற்சியில் படித்த அந்தோணி கோயில் வாசலில் நின்றிருந்தான். சந்தியாகு அண்ணாச்சி இறந்துவிட்டார், அவர் ஊரான புன்னைக்காயலில் வியாழக்கிழமையே அடக்கமும் முடிந்தது என்றான். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேள்வி அவன் காதில் விழவில்லை. வலது பக்கம் போய் மறுபடி கேட்டேன்.

"நீங்க வருவியளோ மாட்டியளோன்னு நெனச்சோம்மா" என்றான்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அண்ணாச்சியின் வேலை போனது என்னால்தான் என்று ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத பாதியை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பயிற்சிக்கு நான் அலுவலகப் பொறுப்பாளர், அவர் கடல் பயிற்றுநர். முதல் நாள் மாணவர்களுக்கு நடத்தை விதிகளை எழுதி வாசித்தவள் நான். காலை ஆறு மணிக்கு ஆஜராக வேண்டும். முந்தின நாள் குடித்தவன் படகில் ஏறக் கூடாது. பதிவேட்டு வரிசைப்படி இருவர் இருவராக ஜோடி. ஒருவர் மூழ்க, மற்றவர் படகிலிருந்து அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஜோடி மாறக் கூடாது. கான்வென்ட் பள்ளியில் நாங்கள் அப்படித்தான் வரிசையில் நின்றோம்.

நான் வாசித்து முடித்ததும் சந்தியாகு பின்னாலிருந்து, "ஏலே, ஒங்கள்ல மச்சான் மாப்பிள்ளை யாரெல்லாம்? கை தூக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "சிரிக்காதியல. பொண்டாட்டிக்கு அண்ணன் பிடிச்சாத்தான் கயிறு. தங்கச்சி தாலி அதுலல்லா கிடக்கு."

இது கல்யாணப் பந்தி அல்ல, உறவு பார்த்து உட்கார வைக்க, என்று மாணவர்கள் முன்னாலேயே சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஆனால் கடலில் அந்தோணியின் கயிற்றை அவன் மச்சான் சூசையிடம்தான் கொடுத்தார். அவர் ஜோடியை மாற்றுகிறார், என் பதிவேட்டு வரிசைப்படியே நடக்கச் சொல்லுங்கள் என்று துறை அதிகாரிக்கு எழுதினேன். என் கடிதத்தின் அடியிலேயே எச்சரிக்கை எழுதி அவரிடம் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அவர் பதிவேட்டு வரிசையை மீறவில்லை.

அடுத்த வாரம், ஆழத்தில் காது வலித்து மேலே தூக்கச் சொல்லி அந்தோணி இருமுறை கயிற்றை இழுத்திருக்கிறான். பதிவேட்டு வரிசைப்படி அவன் கயிற்றைப் பிடித்த வேம்பார் ஊர்க்காரர் பக்கத்துப் படகோடு கேலி பேசிக்கொண்டிருந்தார். வேறு ஜோடியில் இருந்த சூசைதான் பார்த்து, பாய்ந்து கயிற்றைப் பிடுங்கி மேலே இழுத்தார். அந்தோணியின் இடது காது அன்றோடு போனது.

விசாரணைக்கு வந்த வேறோர் அதிகாரி, ஜோடி போட்டது யார் என்று கேட்டார். என் கடிதம் சந்தியாகுவின் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் போதும். அவர் எடுக்கவில்லை. "என் படகு, நான்தான் பொறுப்பு" என்றார். அதிகாரியின் பார்வை என் பக்கம் திரும்பியது. என் கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்தச் சம்பளத்தைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. நான் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் அவர்.

வெளியே வந்து அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"ஒங்க கயித்தயும் யாராவது பிடிக்கணும்லாம்மா" என்றார்.

அடுத்த அணி வந்தபோது ஜோடி விதியை என் கையாலேயே அடித்துவிட்டேன். கயிறு பிடிப்பவரை மூழ்குகிறவரே தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதி வாசித்தேன். யார் சொல்லி மாற்றினேன் என்று மட்டும் சொல்லவில்லை. புன்னைக்காயல் பேருந்து தினமும் என் தெரு வழியாகத்தான் போகிறது. ஒரு நாளும் நான் ஏறவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது உப்புநீர் பட்டு மை கலைந்த அந்த ஒரு தாள், என் ஜெபப் புத்தகத்துக்குள். அதிலும் அவர் எழுத்து ஒன்றுகூட இல்லை. அடியில் இருக்கும் அதிகாரியின் எச்சரிக்கை போக, எல்லாம் என் கையெழுத்து.