நாற்பத்தொன்றாம் பொட்டலம்

இந்திராணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, சனிக்கிழமை காலை எங்கள் ஆய்வகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டவுடனேயே என் மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

லாயாங் லாயாங் ஊரிலிருந்து குளுவாங்கில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு நாள்தோறும் வேலைக்கு வந்துபோன அவரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நெல் இலையை அரைத்து டிஎன்ஏ எடுப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. நான் அதிகாரி, அவர் உதவியாளர். ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான். டிஎன்ஏ கோடுகளாகத் தெரியும் மெல்லிய ஜெல்லை அவசரமாகத் தூக்கினால், "மெதுவா லா தம்பி, கிழிஞ்சா உங்க பட்டமா வந்து ஒட்டும்?" என்பார்.

அப்போது மலைநெல் வகைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிஎன்ஏயின் எந்தப் பகுதி என்று அறியாமலே படியெடுத்துப் பார்க்கும் ஆர்ஏபிடி முறையை முதலில் செய்தோம். மலிவு, வேகம். அதில் பதினான்காம் விதைப் பொட்டலமும் நாற்பத்தொன்றாம் பொட்டலமும் ஒரே மாதிரிக் கோடுகளைக் காட்டின. குளிர் அறையில் இடமில்லை. நாற்பத்தொன்று நகல்தான், எறிந்துவிடலாம் என்றேன்.

"ஒரே உயரத்துல கோடு நின்னா ஒரே நெல்லா? எஸ்எஸ்ஆர் பார்த்துட்டுப் போடலாமே தம்பி. ரெண்டு வாரந்தானே," என்றார். நெருங்கிய வகைகளையும் பிரித்துக் காட்டும் நுணுக்கமான முறை அது. தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பும் அவசரத்தில் நான் கேட்கவில்லை. வாய்மொழியாகவே எறியச் சொன்னேன். அவர் விதையை நீராவியில் அவித்து எறிந்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

முன்பே எடுத்து வைத்திருந்த டிஎன்ஏயில் பிறகு செய்த எஸ்எஸ்ஆர் முடிவு வந்தது. இரண்டும் வேறு வேறு நெல். அடுத்த மாதமே அந்த விதையைத் தந்த பூர்வக்குடிப் பெரியவர் வந்து நின்றார். வெள்ளத்தில் அவர் வீட்டு விதை போய்விட்டதாம். எங்களிடம் கொடுத்ததில் ஒரு பிடி கேட்டார். இயக்குநர் பதிவேட்டைத் திறந்து, யார் எறிந்தது என்றார். "நான்தான் போட்டேன்," என்றார் அக்கா. யார் சொல்லி என்று இயக்குநர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் வெறும் பையோடு திரும்பினார். அக்காவைக் கண்ணாடிக் குழாய் கழுவப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

ஒருநாள் கேண்டீனில், "ஏன்க்கா என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன் தம்பி," என்றார். குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இறுதிச் சடங்கில்கூட ஒருவர், "நல்ல மனுஷி, அந்த விதை விஷயத்துலதான் கொஞ்சம் கவனக்குறைவு," என்றார். நான் தலையாட்டினேன். அங்கேயும் தலையாட்டினேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எறியச் சொன்னது நான். தடுக்கப் பார்த்தவர் இந்திராணி அக்கா. அவர் நினைவாக என்னிடம் இருப்பது கேண்டீனில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அவர் உயிரோடு இருந்தவரை அதை நான் பொய்யாக்கிக்கொண்டே இருந்தேன்.