அறிமுகக் கையெழுத்து

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்த்த பெண்களுக்கும் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நல்லதை மட்டும் எழுது என்றார்கள். அக்காவைப் பற்றி நல்லதைத் தவிர எழுத எதுவும் இல்லை. கெட்டது என்னைப் பற்றியது.

அக்கா ஆமத்தூரில் பிறந்தார். காடுகரையில் கூலி வேலைக்குப் போன குடும்பம். கலியாணமாகி மூன்றாம் வருடமே அத்தான் காலமாகிவிட்டார்; பிள்ளை இல்லை. அன்றிலிருந்து ஒற்றை அறை வீடு, ஓர் ஆள் சோறு. வெடிக்குத் திரி வைக்கும் வேலை. காலையில் ஆலை வேனில் ஏறினால், பொழுது சாயத்தான் திரும்புவார். பண்டிகைக்கு நான் கூப்பிட்டால் வருவார். எல்லாப் பண்டிகைக்கும் நான் கூப்பிட்டதில்லை.

பல வருடம் கட்டிய சீட்டுப் பணத்தோடு சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே போய்விட, இனி வங்கியில்தான் போடுவது என்று அக்கா முடிவெடுத்தார். கையெழுத்துப் பழகக் காகிதம் கேட்டார். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்த நான், பிழையாக அச்சான பட்டாசு லேபிள்களை ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றின் பின்பக்கமெல்லாம் தன் பெயரை எழுதி எழுதிப் பழகினார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சொந்தத்தில் கணக்கு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அறிமுகம் என்றால் ஜாமீன் என்றே அச்சகத்தில் எல்லோரும் நம்பினோம். அந்த ஆள் கடன் வாங்கிக் கட்டாவிட்டால் நம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயம். அக்காவோ படிவத்தை முழுக்க நிரப்பி எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“என் கையெழுத்து செல்லாதாம்க்கா” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அக்கா படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “சரிலே. நீ சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அரைநாள் கூலியை விட்டுவிட்டு மூன்று முறை வங்கிக்கு அலைந்தார். கடைசியில் ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு கேட்ட பெண்களுக்கெல்லாம் அக்கா கூடவே போய்க் கையெழுத்திட்டார். ஒவ்வொரு தடவையும் அரைநாள் கூலி போகும்.

“இம்புட்டு பேருக்குப் போடுதியேக்கா, நாளைக்கு எவளாச்சும் ஏமாத்திட்டா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இவள எனக்குத் தெரியும்னு சொல்றதுக்குத்தானலே கையெழுத்து. தெரிஞ்சவளத் தெரியும்னு சொல்ல என்ன பயம்?”

அதற்குப் பிறகு பல மாதம் நான் அக்கா வீட்டுத் தெருப் பக்கமே போகவில்லை.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் இருந்தபோது, முறைவைத்து உடன் இருந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். தீபாவளி சீசன் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். நான் அச்சக ஆர்டரைக் காரணம் சொல்லி மாலையில் எட்டிப் பார்த்தேன். அக்கா கண் மூடியபோதும் நான் அங்கே இல்லை.

பிறகு, கணக்கை முடிக்க இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். யாரிடமும் கேட்க எனக்கு முகமில்லை. எப்படியோ கேள்விப்பட்டுப் பதினொரு பேர் வந்து நின்றார்கள். “கவலப்படாதீகண்ணே, எங்கன போடணும்னு மட்டும் காட்டுங்க” என்றார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மலரின் வழியே கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அன்று சரிபார்ப்பதற்காக அக்காவின் பழைய படிவத்தை அதிகாரி எடுத்து வைத்தார். அறிமுகம் செய்பவர் என்ற இடத்தில் என் பெயர் எழுதி அடிக்கப்பட்டு, மேலே ஆசிரியையின் பெயர் இருந்தது. கீழே, நாமினி என்ற இடத்திலும் என் பெயர்தான். அதை அக்கா அடிக்கவில்லை.